கிரிப் டேப்

கிரிப் டேப் என்பது ஸ்கேட்போர்டின் மேற்பரப்பில், ஓட்டுபவரின் கால்கள் படும் பக்கத்தில், ஒட்டப்படும் சொரசொரப்பான தாள் ஆகும். பார்வைக்கு இது மரவேலையில் பயன்படும் உப்புத்தாளைப் போலவே இருக்கும். ஒரு பக்கத்தில் கடினமான கனிமத் துகள்களும் மறுபக்கத்தில் பசையும் கொண்டது. ஓட்டுபவரின் காலணிக்கும் பலகைக்கும் இடையே உராய்வை உண்டாக்குவதே இதன் பணி.

பனிச்சறுக்குப் பலகையில் ஓட்டுபவரின் காலணி பலகையோடு பூட்டப்பட்டிருக்கும். ஸ்கேட்போர்டில் கயிறோ வாரோ பூட்டோ கிடையாது. கால் பலகையின்மீது வெறுமனே நிற்கிறது. ஓட்டுபவரையும் பலகையையும் இணைப்பது உராய்வு மட்டுமே. அதனால்தான் விலை குறைந்ததும் அடிக்கடி தேய்ந்துபோவதுமான இந்தத் தாள், சக்கரங்களுக்கு நிகரான முக்கியத்துவம் பெறுகிறது. கிரிப் டேப் இல்லாத வழுவழுப்பான பலகையில் நிற்பதே கடினம். திரும்புவதும் குதிப்பதும் ஆபத்தானவை.

அமைப்பும் மூலப்பொருளும்

கிரிப் டேப் நான்கு அடுக்குகளால் ஆனது. மேலே கனிமத் துகள்கள். அவற்றைப் பிடித்துவைக்கும் பிசின். அதற்குக் கீழே தாள் அல்லது துணி போன்ற அடித்தளம். கடைசியாக, அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பசை. விற்பனைக்கு வரும்போது பசைப் பக்கத்தை வழுவழுப்பான ஒரு காகிதம் மூடியிருக்கும். ஒட்டும்போது அதை உரித்துவிட வேண்டும்.

துகள்களாகப் பெரும்பாலும் சிலிக்கன் கார்பைடு பயன்படுகிறது. அலுமினியம் ஆக்சைடு பயன்படுத்தப்படுவதும் உண்டு. சிலிக்கன் கார்பைடை அமெரிக்கரான எட்வர்டு அச்செசன் 1890களின் தொடக்கத்தில் செயற்கை வைரம் செய்ய முயன்றபோது கண்டறிந்தார். அதற்குக் கார்போரண்டம் என்று பெயரிட்டு 1893-இல் காப்புரிமை பெற்றார். மணலையும் கரியையும் மின்உலையில் மிக உயர்ந்த வெப்பநிலைக்குச் சூடாக்கி இது தயாரிக்கப்படுகிறது. மோவின் கடினத்தன்மை அளவுகோலில் வைரத்துக்கு 10 என்றால் இதற்கு 9-க்குச் சற்று மேல். இதன் துகள்கள் உடையும்போதும் கூர்மையான விளிம்புகளோடு உடைவதால், தேயத் தேயவும் ஓரளவு பிடிப்பு நீடிக்கிறது.

உப்புத்தாளைப் போலவே கிரிப் டேப்பின் சொரசொரப்பும் ஓர் எண்ணால் குறிக்கப்படுகிறது. எண் சிறியதாக இருந்தால் துகள் பெரியது, தாள் அதிகச் சொரசொரப்பானது. ஸ்கேட்போர்டுகளுக்கு 80-ஐ ஒட்டிய எண் பரவலாகப் பயன்படுகிறது. இதில் துகளின் விட்டம் சுமார் 0.2 மில்லிமீட்டர். நீண்ட தூரம் வேகமாகச் செல்வதற்கான நீள்பலகைகளில் 36 முதல் 60 வரையிலான மிகச் சொரசொரப்பான தாள்களும் ஒட்டப்படுகின்றன. எண் 36-இல் துகளின் விட்டம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்.

வழக்கமாக விற்கப்படும் ஒரு தாள் 9 அங்குல அகலமும் 33 அங்குல நீளமும் கொண்டது. இன்றைய பலகைகள் பெரும்பாலும் 8 அங்குலத்தை ஒட்டிய அகலமும் 32 அங்குலத்தை ஒட்டிய நீளமும் கொண்டவை. எனவே ஒரு தாள் ஒரு பலகைக்குப் போதுமானது. ஓரங்களில் மிஞ்சுவதை வெட்டிவிடலாம். ஜெசப், மாப், கிரிஸ்லி, ஷேக் ஜன்ட் ஆகியவை பரவலாக அறியப்பட்ட தயாரிப்புப் பெயர்கள். இவற்றுள் கிரிஸ்லியைத் தொடங்கியவர் டோரி பட்வில் என்னும் தொழில்முறை ஸ்கேட்போர்டு வீரர்.

உராய்வு செய்யும் வேலை

ஒரு பொருள் மற்றொன்றின்மேல் வழுக்காமல் நிற்க உதவும் உராய்வு இரண்டைப் பொறுத்தது. ஒன்று, இரு பரப்புகளின் தன்மை. மற்றொன்று, ஒன்றை ஒன்று எவ்வளவு அழுத்துகிறது என்பது. கிரிப் டேப் மாற்றுவது முதலாவதை. அதன் துகள்களின் முனைகள் காலணியின் ரப்பருக்குள் சிறிதளவு புதைந்து, பக்கவாட்டில் நகரவிடாமல் தடுக்கின்றன.

சமதளத்தில் நேராகச் செல்லும்போது இந்தப் பிடிப்பு அதிகம் தேவைப்படுவதில்லை. உடல் எடை முழுவதும் பலகையை அழுத்துவதால் இயல்பாகவே உராய்வு போதுமான அளவு இருக்கும். சரிவான பரப்புகளில் ஏறும்போதும், உடலைச் சாய்த்துத் திரும்பும்போதும், வேகத்தைக் குறைக்கப் பலகையைக் குறுக்கே திருப்பிச் சறுக்கும்போதும் கால்கள் பலகையைப் பக்கவாட்டில் தள்ளுகின்றன. அப்போது பிடிப்பு குறைந்தால் பலகை ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமும் போக நேரிடும்.

பலகை தரையை விட்டு எழும் வித்தைகளில் நிலைமை இன்னும் கடினமானது. ஆளும் பலகையும் காற்றில் இருக்கும்போது இரண்டும் ஒரே வேகத்தில் விழுகின்றன. உடல் எடை அப்போது பலகையை அழுத்துவதில்லை. அழுத்தம் இல்லாவிட்டால் உராய்வும் இல்லை. எனவே காற்றில் பலகையைக் கட்டுப்படுத்த வேண்டுமானால், ஓட்டுபவர் தம் காலாலேயே அழுத்தத்தை உண்டாக்க வேண்டும். இன்றைய ஸ்கேட்போர்டிங்கின் அடிப்படை வித்தையான ஆலியில் நடப்பது இதுதான்.

ஆலி

கைகளால் பலகையைப் பிடிக்காமல், கால்களால் மட்டுமே அதை மேலெழுப்பிக் குதிப்பது ஆலி எனப்படுகிறது. அது பின்வரும் வரிசையில் நிகழ்கிறது.

முதலில் ஓட்டுபவர் முழங்கால்களை மடக்கிக் குனிகிறார். பிறகு மேலே குதித்தபடியே பின்காலால் பலகையின் வால்பகுதியை வேகமாகக் கீழே அடிக்கிறார். வால் தரையில் மோதித் திரும்ப எழுகிறது. பலகையின் மூக்குப்பகுதி மேல்நோக்கி நிமிர்கிறது. இப்போது பலகை சாய்வாக நிற்கிறது. ஓட்டுபவர் முன்காலின் கணுவை உள்நோக்கித் திருப்பி, காலணியின் வெளிப்பக்கத்தைப் பலகைமேல் அழுத்தியபடி மூக்கை நோக்கி இழுக்கிறார். பலகை சாய்ந்திருப்பதாலேயே கால் அதை அழுத்த முடிகிறது. அந்த அழுத்தத்தால் கிரிப் டேப் காலணியைப் பற்றிக்கொள்ள, பலகை காலோடு சேர்ந்து மேலே போகிறது. கால் மூக்கை எட்டியதும் அதை முன்னோக்கித் தள்ள, வால் உயர்ந்து பலகை சமமாகிறது.

பார்ப்பவருக்குப் பலகை காலில் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் தோன்றும். உண்மையில் காலணி கிரிப் டேப்பின்மேல் நகர்ந்துகொண்டே அதை இழுத்துச் செல்கிறது. தேய்ந்த தாளில் கால் வழுக்கிப் போய்விடும், பலகை எழும்பாது. புதிதாகப் பழகுபவர்கள் ஆலி வரவில்லையே என்று தம் முயற்சியை மட்டும் குறைகூறுவது வழக்கம். சில சமயங்களில் குறை பழைய தாளிலோ, அடிப்பகுதி மழுங்கிய காலணியிலோ இருக்கலாம்.

கிக்ஃபிளிப்

ஆலியின்போது பலகையை அதன் நீளவாக்கு அச்சில் ஒருமுறை சுழலச் செய்வது கிக்ஃபிளிப். இதில் முன்கால் மூக்கை நோக்கி நேராகச் செல்லாமல், குதிகால் பக்கத்து ஓரத்தை நோக்கிச் சாய்வாக நகர்ந்து, பலகையின் விளிம்பைச் சுண்டிவிட்டு வெளியேறுகிறது. பலகை சுழன்று முடியும் தருணத்தில் கால்கள் அதைப் பிடித்துக் கீழே அழுத்துகின்றன.

இங்கே கிரிப் டேப்பிடம் எதிர்பார்க்கப்படுவது மூன்று வேலைகள். கால் நகரும்போது பலகையை மேலே இழுக்க வேண்டும். சுண்டும் நொடியில் காலை விட்டுவிட வேண்டும். தரையிறங்கும்போது மறுபடியும் பிடிக்க வேண்டும். இவை அனைத்தும் ஒரு நொடிக்குள் நடந்து முடிகின்றன.

எவ்வளவு சொரசொரப்பு தேவை?

அதிகப் பிடிப்பே எப்போதும் நல்லது என்று எண்ணத் தோன்றும். நடைமுறை அப்படி இல்லை. மிகச் சொரசொரப்பான தாளில் கால் வேண்டிய நேரத்தில் விடுபடாமல் சிக்கிக்கொள்ளும். நின்ற நிலையில் காலைச் சிறிது நகர்த்தி இடம் மாற்றிக்கொள்வதும் கடினமாகும். காலணியும் விரைவில் கிழிந்துபோகும். மிக மென்மையான தாளில் கால் எளிதாக நகரும். ஆனால் பலகை மேலே வராது, தரையிறங்கும்போது கால் வழுக்கும்.

எனவே தேர்வு, செய்யப்போகும் ஓட்டத்தைப் பொறுத்தது. பலகையைச் சுழற்றும் வித்தைகளைச் செய்பவர்கள் நடுத்தரமான அல்லது சற்றே மென்மையான தாளை விரும்புவது உண்டு. மலைச்சாலைகளில் வேகமாக இறங்குபவர்களுக்குக் கால் அசையவே கூடாது. அவர்கள் பெரிய துகள்கள் கொண்ட தாளை நாடுகின்றனர். புதிய தாள் முதல் சில நாள்களுக்கு மிகையாகப் பிடிப்பதாகவும், சற்றுப் பழகிய பிறகே வசதியாக இருப்பதாகவும் பலர் உணர்கின்றனர்.

வரலாறு

ஸ்கேட்போர்டிங் 1950களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கடலலைச் சறுக்கு விளையாட்டோடு தொடர்புடையதாக வளர்ந்தது. அலை இல்லாத நாள்களில் நிலத்தில் சறுக்கிச் செல்ல விரும்பியவர்கள் மரப்பலகையில் உருளுகாலணியின் சக்கரங்களைப் பொருத்தி ஓட்டினர். கடலில் பழகியபடியே இதிலும் வெறுங்காலோடு நிற்பது சாதாரணமாக இருந்தது. 1965 மே மாதம் 'லைஃப்' இதழின் அட்டையில், பாட் மெக்கீ என்ற இளம்பெண் ஓடும் பலகையின்மேல் கைகளை ஊன்றித் தலைகீழாக நிற்கும் படம் வெளியானது. அவர் காலில் காலணி இல்லை.

அக்காலத்துக் களிமண் கலவைச் சக்கரங்கள் சாலையைச் சரியாகப் பற்றவில்லை. சிறு கல் தடுக்கினாலும் சக்கரம் நின்று ஆள் தூக்கியெறியப்படுவார். 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி பாலியூரித்தேன் சக்கரங்களை ஸ்கேட்போர்டுக்குக் கொண்டுவந்தார். சக்கரம் தரையைப் பற்றத் தொடங்கியதும் வேகம் கூடியது. கூர்மையாகத் திரும்ப முடிந்தது. நீர் வற்றிய நீச்சல்குளங்களின் வளைந்த சுவர்களிலும் ஏற முடிந்தது. அந்த வேகத்துக்கு ஈடாகக் காலும் பலகையைப் பற்ற வேண்டிய தேவை எழுந்தது. அக்காலத்தில் தாளைப் பலகை முழுவதும் ஒட்டாமல், கால் படும் இடங்களில் மட்டும் பட்டைகளாக ஒட்டும் வழக்கமும் இருந்தது.

1970களின் பிற்பகுதியில் ஃபுளோரிடாவைச் சேர்ந்த ஆலன் கெல்ஃபாண்டு, வளைந்த சுவர்களில் கையால் பிடிக்காமல் பலகையோடு காற்றில் எழும் வித்தையைச் செய்து காட்டினார். அவருடைய செல்லப்பெயரான ஆலி என்பதே வித்தையின் பெயராயிற்று. 1980களின் தொடக்கத்தில் ராட்னி மல்லன் அதைச் சமதளத்தில் செய்யும் முறையை உருவாக்கினார். கிக்ஃபிளிப் உள்ளிட்ட பல வித்தைகளையும் அவரே உருவாக்கினார். இவை படிக்கட்டுகள், கைப்பிடிக் கம்பிகள், நடைமேடை விளிம்புகள் ஆகியவற்றில் ஓட்டும் தெருப்பாணிக்கு அடித்தளம் ஆயின. கால் பலகையின் எந்த இடத்துக்கும் நகரக்கூடும் என்பதால் மூக்கு முதல் வால் வரை முழுப்பரப்பையும் மூடி ஒட்டுவது வழக்கமாயிற்று.

டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டிங் முதன்முறையாகப் போட்டியாக இடம்பெற்றது. 2021-இல் நடந்த அப்போட்டியின் ஆண்கள் தெருப்பிரிவில் ஜப்பானின் யூட்டோ ஹோரிகோமே தங்கம் வென்றார். பெண்கள் தெருப்பிரிவில் தங்கம் வென்ற மோமிஜி நிஷியாவுக்கு அப்போது வயது 13.

காலணியும் வெறுங்காலும்

கிரிப் டேப்பும் காலணியும் ஒன்றையொன்று தேய்க்கும் பொருள்கள். ஆலி பழகுபவரின் முன்கால் காலணியில், சுண்டுவிரலை ஒட்டிய வெளிப்பக்கம் முதலில் தேயும். துணிக் காலணி விரைவில் ஓட்டையாகிவிடும். மென்மயிர்ப் பரப்புடைய ஸ்வேடு தோல் அதிக நாள் தாங்கும். தையல் நூலும் காலணிக் கயிறும் தாளில் உரசி அறுபடுவது இயல்பு. தேய்ந்த இடத்தில் ரப்பர் பசையைப் பூசி ஆயுளை நீட்டிப்பவர்களும் உண்டு.

காலணியின் அடிப்பகுதி தட்டையாகவும் மென்மையான ரப்பரால் ஆனதாகவும் இருப்பது நல்லது. ஓட்டப்பந்தயக் காலணியின் ஆழமான பள்ளங்களும் தடித்த அடிப்பகுதியும் தாளோடு தொடும் பரப்பைக் குறைப்பதோடு, பலகையைக் காலால் உணர்வதையும் தடுக்கும். 1966-இல் கலிஃபோர்னியாவின் அனாஹைம் நகரில் தொடங்கப்பட்ட வேன்ஸ் நிறுவனத்தின் காலணிகள், தட்டையான ஒட்டும் ரப்பர் அடிப்பகுதியால்தான் ஸ்கேட்போர்டு ஓட்டுபவர்களிடம் பரவின.

வெறுங்காலோடு ஓட்டுபவர்கள் இன்றும் உள்ளனர். மாமல்லபுரத்தைச் சேர்ந்த சிறுமி ஒருத்தி வெறுங்காலோடு ஸ்கேட்போர்டு ஓட்டும் படத்தைப் புகழ்பெற்ற வீரர் டோனி ஹாக் பகிர்ந்ததால் அது உலகெங்கும் பரவியது. அவளையும் அவள் தாயையும் பற்றிய 'கமலி' என்ற குறும்படம் 2020-இல் பிரித்தானியாவின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. சரிவில் உருண்டு செல்லும் ஓட்டத்துக்கு வெறுங்கால் போதுமானதாக இருந்தாலும், காலைத் தாளில் இழுக்கும் ஆலி போன்ற வித்தைகளில் தோல் உரிந்து புண்ணாகும். சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவர்கள் தலைக்கவசத்தோடு தட்டையான மூடிய காலணியையும் கட்டாயமாக்குவது நல்லது.

ஒட்டும் முறை

பலகையும் தாளும் தனித்தனியாக விற்கப்படும் இடங்களில், தாளை ஒட்டுவது பெரும்பாலும் வாங்குபவரின் வேலை. அச்சுகளைப் பொருத்தும் முன்பே ஒட்டிவிட வேண்டும். தேவையானவை ஒரு தாள், கூர்மையான பிளேடுக் கத்தி, அரம், ஸ்க்ரூ டிரைவர் ஆகியவை.

1. பலகையின் மேற்பரப்பைத் துடைத்துத் தூசியும் ஈரமும் இல்லாமல் செய்ய வேண்டும்.

2. காகிதத்தை உரித்து, தாளை இரு கைகளாலும் விறைப்பாகப் பிடித்து, நான்கு பக்கமும் பலகையை மூடும்படி மெதுவாக இறக்க வேண்டும். அழுத்தி ஒட்டிய பிறகு பிரித்தெடுத்தால் தாள் கிழியவோ பசை வலுவிழக்கவோ கூடும்.

3. நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி அழுத்தித் தேய்க்க வேண்டும். பலகையின் நடுப்பகுதி குழிவாக இருப்பதால் ஓரத்தில் தொடங்கினால் நடுவில் காற்று தங்கிவிடும். குமிழி இருந்தால் ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றலாம். சில தாள்களில் காற்று வெளியேறுவதற்கென்றே நுண்துளைகள் இடப்பட்டிருக்கும்.

4. பலகையின் விளிம்பைச் சுற்றி அரத்தைச் சாய்வாக வைத்துத் தேய்க்க வேண்டும். விளிம்பில் துகள்கள் உதிர்ந்து ஒரு வெள்ளைக்கோடு தோன்றும். வெட்ட வேண்டிய கோடு அதுவே.

5. கோட்டின் வழியே பிளேடால் மிஞ்சிய பகுதியை வெட்ட வேண்டும். பலகையைப் பிடித்திருக்கும் கை பிளேடு செல்லும் பாதையில் இருக்கக் கூடாது. சிறுவர்கள் இதைப் பெரியவர்களின் துணையோடு செய்ய வேண்டும்.

6. வெட்டிய துண்டு ஒன்றைக்கொண்டே விளிம்பைச் சுற்றித் தேய்த்து மழுங்கச் செய்ய வேண்டும். இதனால் ஓரம் பிரிந்து எழாது. பலகையைத் தூக்கும்போது கையையும் கீறாது.

7. பலகையின் அடிப்பக்கத்திலிருந்து எட்டுத் துளைகளின் வழியாகவும் ஸ்க்ரூ டிரைவரைக் குத்தித் தாளில் துளையிட்டு, பிறகு போல்ட்டுகளைப் பொருத்த வேண்டும்.

பராமரிப்பு

கிரிப் டேப் தன் பிடிப்பை இரு வகையில் இழக்கிறது. துகள்கள் மழுங்கியும் உதிர்ந்தும் போவது ஒன்று. துகள்களுக்கு இடையே உள்ள பள்ளங்களில் மண்ணும் காலணி ரப்பரின் தூளும் அடைத்துக்கொள்வது மற்றொன்று. முதலாவதற்கு மாற்று இல்லை, புதிய தாள்தான் ஒட்ட வேண்டும். இரண்டாவதைச் சுத்தம் செய்து சரியாக்கலாம். இதற்கென விற்கப்படும் ரப்பர் கட்டியைத் தாளின்மேல் அழுத்தித் தேய்த்தால் அழுக்கு அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். உலர்ந்த தூரிகையும் உதவும்.

தண்ணீர் ஊற்றிக் கழுவுவது தவறு. பலகை வழக்கமாக ஏழு மெல்லிய மேப்பிள் மர ஏடுகளை ஒட்டிச் செய்யப்படுவது. ஈரம் புகுந்தால் ஏடுகள் பிரியும், பலகை தன் விறைப்பை இழக்கும். மழையில் ஓட்டக் கூடாது என்று சொல்வதற்கும் இது ஒரு காரணம். கடற்கரை ஊர்களில் மணலும் தூளும் தாளில் எளிதில் சேர்வதால், ஓட்டி முடித்தவுடன் பலகையைத் தட்டி உதறிவிடுவது பயன்தரும்.

பழைய தாளை எடுக்க, தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடாக்கினால் பசை இளகும். ஒரு மூலையைப் பிளேடால் நெம்பி மெதுவாக உரிக்கலாம். தாள் பக்கத்தை உடலோடு அணைத்தபடி பலகையைத் தூக்கிச் சென்றால் சட்டை நைந்துபோகும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அழகும் அடையாளமும்

கறுப்பு நிறத் தாளே மிகப் பரவலானது. அழுக்கு தெரியாது என்பது அதன் வசதி. வண்ணத் தாள்களும், படம் அச்சிட்டவையும், மரத்தின் நிறம் தெரியும்படியான ஒளிபுகும் தாள்களும் கிடைக்கின்றன. சிலர் தாளை வெட்டி உருவங்கள் அமைக்கின்றனர். குறுக்கே மெல்லிய ஒரு கோட்டளவு இடைவெளி விட்டு ஒட்டுவதும் உண்டு. இது அழகுக்காக மட்டும் அன்று. இன்றைய பலகையின் மூக்கும் வாலும் ஏறத்தாழ ஒரே வடிவில் இருப்பதால், சுழன்று விழும் பலகையில் எது முன்பக்கம் என்பதை ஒரு பார்வையில் அறிய அந்தக் கோடு உதவுகிறது.

மாற்று முறைகள்

எல்லாச் சறுக்குப் பலகைகளிலும் கிரிப் டேப் ஒட்டப்படுவதில்லை. தெருவில் உலாவுவதற்கான சிறிய நெகிழிப் பலகைகளில் மேற்பரப்பிலேயே மேடுபள்ளமான வடிவம் வார்க்கப்பட்டிருக்கும். மரத்தின் அழகை மறைக்க விரும்பாதவர்கள், நுண்துகள்கள் கலந்த நிறமற்ற பூச்சைப் பூசுகின்றனர். இவை நின்று செல்லும் ஓட்டத்துக்கு ஏற்றவை. காலை இழுத்தும் சுண்டியும் செய்யும் வித்தைகளுக்கு ஒட்டும் தாளே இன்றும் பயன்படுகிறது.

கால் வைத்துத் தள்ளும் ஸ்கூட்டர்களின் நிற்கும் பலகையிலும் இதே தாள் ஒட்டப்படுகிறது. படிக்கட்டுகளிலும் சாய்தளங்களிலும் வழுக்காமல் இருக்க ஒட்டும் பட்டைகளும் இதே வகையைச் சேர்ந்தவை. அங்கே தேவைப்படுவது கால் நழுவாமல் இருப்பது மட்டுமே. ஸ்கேட்போர்டின் கிரிப் டேப் பிடிக்கவும் வேண்டும், வேண்டிய நொடியில் விடவும் வேண்டும்.